துண்டு கட்டிய கம்பி

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், திறக்க வராத ஜன்னல்கள் உள்ள ஒரு நீள அறையில், ஆறு பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டாக்டர்களின் குரலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, நோயையும் மருந்தையும் மைக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் இருமல் வரும், கொட்டாவி வரும், நாற்காலி இழுபடும், பேனாவால் மேஜையைத் தட்டுவது கேட்கும். நடுவில் வீட்டுக்கு ஃபோன் போட்டு மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொள்வதும் சில நாள் வரும். இத்தனையையும் வடிகட்டி, சொல்லை மட்டும் பிடித்துத் தாளில் இறக்க வேண்டும். மேஜைக்கு அடியில் ஒரு மிதி இருக்கிறது. முன்பாதத்தால் அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும்.

ஆறு பேரில் ஒருத்திக்கு 'மெஷின்' என்று பெயர். வைத்தவள் பக்கத்து சீட்டுக்காரி. காரணம் இல்லாமல் வைக்கவில்லை. இவள் அடித்த பக்கத்தில் ஒரு தப்பு இருக்காது. ஆனால் அடித்து முடித்த மறுநிமிடம் என்ன அடித்தாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். சேர்ந்த முதல் வருடம் அப்படி இல்லை. குழந்தை ஒன்று இறந்த விவரத்தை அடித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். இப்படியே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து, காதில் விழுவதை நேராக விரலுக்கு அனுப்பப் பழகினாள். நடுவில் மனசு என்று ஒரு நிறுத்தமே கிடையாது. இருபது வருடம் அந்தப் பழக்கம்தான் அவளைக் காப்பாற்றியது. அதுவே பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. டாக்டர் பேசினால் தானாகவே எழுத்தாகிவிடும் கம்ப்யூட்டர் ஏற்பாடு வரப்போகிறது, தட்டச்சுப் பிரிவு கலைக்கப்படும். ஆவணப் பிரிவுக்கான பரீட்சையில் தேறியவர்களுக்குக் கீழே ரெக்கார்டு அறையில் வேலை. தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஒரு ஆளுக்கு மூன்று முறைதான் எழுத அனுமதி. அறிக்கையைப் படித்துக் காட்டியவர் சூப்பர்வைசர். எதைக் கேட்டாலும் "அரை மணி நேரம் கழிச்சு வாங்க" என்று சொல்வதால் அவருக்கு 'அரைமணி' என்று பெயர். அன்றைக்கு மட்டும் அவர் உடனுக்குடனே பதில் சொன்னார். நாற்பத்து நான்கு வயதில் மறுபடி பாடப் புத்தகமா என்று மெஷின் அறிக்கையை வாங்கி இன்னொரு முறை படித்தாள்.

வீட்டில் நிலைமை வேறு. கணவன் லாரி ஓட்டுகிறவன். போனால் பத்து நாள், வந்தால் இரண்டு நாள். மகள் நர்ஸ் படிப்புக்காக ஹாஸ்டலில். மிச்சம் இருந்தது நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவனுக்கு மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், துணி ஆலையில் செக்கராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள். வலது கையால் சட்டையைத் தூக்கிப் புரட்டிப் பார்ப்பாள். இடது கையில் ஒரு எஃகு மோதிரம். மேஜையில் மோதிரத்தால் ஒரு தட்டு தட்டினால் சட்டை சரி. இரண்டு தட்டினால் ரிஜெக்ட். தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் அந்த ஆலையில் எல்லாச் செக்கர்களுக்கும் அதுதான் பாஷை. இவள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். தம்பி மனைவி வைத்த சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தால் தட்டின் ஓரத்தில் ஒரு 'டொக்'. இல்லாவிட்டால் இரண்டு. அதோடு நிறுத்தினால் பரவாயில்லை, வாயும் சும்மா இருக்காது. "தப்பு. மறுபடி செய்." இந்த மூன்று சொல்லைக் கேட்காமல் மெஷினுக்கு ஒரு நாள் விடிந்து அடைந்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். பிறகு அழுகை நின்றுபோனது, கோபம் மட்டும் தங்கிவிட்டது.

அந்த நாத்தனார், சுற்றறிக்கை வந்த மறுவருடம் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. "பேசறது புரியுமா டாக்டர்?" என்று தம்பி கேட்டான். "சொல்ல முடியாது. புரியாதுன்னு வச்சுக்கிட்டா உங்களுக்கு மனசு லேசா இருக்கும்" என்றார் டாக்டர். வைத்துக்கொண்டார்கள். முன்னறையில் பக்கவாட்டில் கம்பி வைத்த இரும்புக் கட்டில் போட்டார்கள். பகலில் பார்த்துக்கொள்ளத் தெருமுனை வீட்டு அம்மா வருவாள். சாயங்காலம் மெஷின் வந்ததும் அவள் போய்விடுவாள்.

கட்டிலில் படுக்க வைத்த முதல் வாரம் ஒரு தொல்லை இருந்தது. நாத்தனாரின் இடது கை விரல் ஓயாமல் துடித்தது. மோதிரம் கட்டில் கம்பியில் பட்டு டொக், டொக்கென்று சத்தம். விரல் வீங்கியிருந்ததால் மோதிரத்தைக் கழற்றவும் முடியவில்லை. "நரம்பு துடிப்பு, தானா அடங்கிடும்" என்றார் டாக்டர். அடங்கவில்லை. நாலாம் நாள் மெஷின் ஒரு பழைய துண்டை எடுத்து, கம்பியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே இரண்டு முடிச்சுப் போட்டாள். சத்தம் அடங்கிவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

நாத்தனாருக்கு ஊட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கூழாக அரைத்த சாப்பாட்டை ஒரு ஸ்பூன் வைத்தால், அவள் விழுங்கி முடிக்க இரண்டு மூன்று நிமிடம். கிண்ணம் காலியாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்க மனம் வராமல், மடியில் புத்தகத்தை விரித்து வைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். தலையணைக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்து, படிப்பதைப் பதிவு செய்துகொள்வாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹெட்போனை மாட்டி, மிதியை அழுத்தித் தன் குரலையே தட்டச்சு செய்வாள். பாடம் முழுவதும் அச்சு அசலாகத் தாளில் வந்துவிடும். அதைப் படிப்பு என்றே நம்பினாள். பாவம், இருபது வருடமாக எந்த வழியில் சொல் உள்ளே தங்காமல் ஓடிப்போகப் பழக்கினாளோ, அதே வழியில் பாடத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தாள். முதல் முறை பரீட்சையில் தோற்றாள். இன்னும் அதிகம் தட்டச்சு செய்யவில்லை, அதுதான் காரணம் என்று முடிவு கட்டினாள். இரண்டாம் முறையும் தோற்றாள்.

இரண்டாம் முறை முடிவு வந்த அன்று சாயங்காலம் ஊட்டும்போது மூன்றாவது ஸ்பூன் நாத்தனாரின் கடைவாயில் வழிந்தது. துடைத்தாள். மறுபடி வழிந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு, கூரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீ போய்ச் சேந்தா எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம்."

வீட்டில் வேறு யாரும் இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. பெரியவளை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வாயைத் துடைத்துவிட்டு, நாலாவது ஸ்பூனை வைத்தாள்.

மூன்றாவது பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரு நாள் இடைவேளையில் தான் அடித்த பக்கங்களைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் கொடுத்து, "ரெண்டு கேள்வி கேளுடி, சொல்றேனான்னு பாப்போம்" என்றாள். அவள் பக்கத்தைப் புரட்டினாள். புரட்டியவள் சிரித்தாள்.

"என்னடி இது? கேள்வியும் நீயே, திட்டும் நீயேவா?"

"என்ன திட்டு?"

"இங்க பாரு. 'விபத்து வழக்கு ஏடுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். தப்பு. ஏழு. மறுபடி சொல்.' புத்தகத்துலயே இப்படித்தான் போட்டிருக்கா?"

மெஷின் தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் அடித்த பக்கம்தான். அவளுடைய இடைவெளி, அவளுடைய ஓரம். பாடத்துக்கு நடுவில், ஒரு சொல் பிசகாமல், அந்த வரிகள் இருந்தன. 'தப்பு. மறுபடி சொல்.' கொஞ்சம் கீழே, 'தூங்காதே. கண்ணைத் திற.' அடுத்த பக்கத்தில் மூன்று இடத்தில் 'தப்பு'. இவற்றையெல்லாம் அவள் விரல்தான் அடித்திருக்கிறது. ஒன்றுகூட நினைவில் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் தனியாக ஒரு வரி இருந்தது.

'நான் போய்ச் சேர்ந்தால் உனக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.'

"ஏன்டி, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? தண்ணி வேணுமா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. மெஷின் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பிறகு ஹெட்போனை மாட்டி, மிதியை அழுத்தினாள்.

முதலில் அவள் குரல். களைப்பாக, இழுத்து இழுத்துப் பாடம் படிக்கிறது. ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம். ஐந்து வருடம் என்கிறது. நிற்கிறது. மூச்சு சீராகிறது, தூங்கிவிட்டாள் என்று தெரிகிறது. அதற்குப் பிறகு, ஃபோனுக்கு மிக அருகில், வேறொரு குரல்.

"தப்பு. ஏழு. மறுபடி சொல்லு."

இரண்டு வருடமாகக் கேட்காத குரல். சொல்லை நறுக்கிப் போடும் அதே தோரணை, கடைசிச் சொல்லில் அதே ஏற்றம். மெஷின் காலை மிதியிலிருந்து எடுத்தாள். அறையில் மற்ற ஐந்து பேரின் விரல் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலம் தெருமுனை வீட்டு அம்மா போன பிறகு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகில் போய் நின்றாள். "அண்ணி" என்று கூப்பிட்டாள். "அண்ணி, நீங்க பேசினீங்களா?" நாத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இமை அடித்தது. இடது விரல் துண்டின் மேல் வழக்கம்போல் துடித்துக்கொண்டிருந்தது. "பேச முடிஞ்சா பேசுங்க. ஏன் நான் தூங்கற நேரமாப் பாத்துப் பேசறீங்க?" மெஷின் நாற்காலியை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்றைக்குக் கையை நீட்டி நீட்டி ஊட்டினாள். புத்தகத்தைத் திறக்கவில்லை.

அடுத்த நான்கு நாளும் அப்படித்தான். வீட்டுக்குள் நுழையவே கால் வரவில்லை. முன்னறையைத் தாண்டும்போது முதுகில் யாரோ பார்ப்பதுபோல் இருக்கும். சமையலறையில் நின்றால் பின்னால் "தப்பு" என்று கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே நிற்பாள். கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயமாக இருந்தது. அந்த ஒரு வரி, தானே சொன்ன வரி, ஆள் மாறித் திரும்பி வந்திருக்கிறது. நாத்தனாருக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தமா? அப்படியென்றால் இந்த இரண்டு வருடம்? அதற்கு மேல் யோசிக்கத் துணிவில்லாமல் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

ஐந்தாம் நாள் கணவன் வந்தான். குளித்துவிட்டு வந்தவனை உட்காரவைத்து, ஃபோனை அவன் காதில் வைத்தாள். கேட்டான். புருவத்தைச் சுருக்கினான். மறுபடி கேட்டான்.

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லைங்க. உங்க அக்கா பேசறாங்க."

"எங்க அக்கா குரல் எனக்குத் தெரியாதா? இது உன் குரல்."

"ஏங்க, நல்லாக் கேளுங்க!"

"நல்லாத்தான் கேட்டேன். அவ பேசற மாதிரியே பேசியிருக்க. ஆனா உன் குரல்தான். தூக்கத்துல பேசியிருக்க." அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "உடம்புக்கு என்ன? ஆஸ்பத்திரியிலயே யார்கிட்டயாவது காட்டிக்கயேன்."

நாத்தனார் பேசினாள் என்பது ஒரு பயம். தன் வாய் தனக்குத் தெரியாமல், அவளுடைய தோரணையில் பேசுகிறது என்பது அதைவிடப் பெரிய பயம். மெஷின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வருடமாகத் திட்டித் திட்டி, அந்தக் குரல் தனக்குள்ளே குடியேறிவிட்டதா? யாருடைய வாய் இது என்று தன் உதட்டையே தொட்டுப் பார்த்தாள்.

கணவன் இன்னும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். வண்டி ஓட்டுகிறவனுக்கு வேறொரு காது. "அது இருக்கட்டும். நடுவுல ஏதோ தட்டுதே, அது என்ன? தொம் தொம்னு? இன்ஜின்ல போல்ட் லூஸானா இப்படித்தான் கேக்கும்."

"என்ன தட்டுது? ஒண்ணும் தட்டல."

"தட்டுது. உனக்குத்தான் கேக்கல."

மறுநாள் ஆபீஸில் அவள் வாழ்க்கையிலேயே முதல் முறையாகச் சொல்லை விட்டுவிட்டு, சொல் அல்லாததைக் கேட்க உட்கார்ந்தாள். லேசாக இல்லை. மேஜைத் தட்டல், இருமல், நாற்காலி இதையெல்லாம் குப்பையென்று ஒதுக்கிப் பழகிய காது, இதையும் ஒதுக்கியே தீருவேன் என்று அடம்பிடித்தது. சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு, குதிகாலால் பின்னால் போய்ப் போய்க் கேட்டாள். நாலாவது முறை பிடிபட்டது. பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக, தொம்.

ஒரு பென்சிலை எடுத்து, தட்டுகிற இடமெல்லாம் தாளில் புள்ளி வைத்தாள். பாடத்தைச் சரியாகப் படித்த வாக்கியம் முடிந்ததும் ஒரு புள்ளி. ஏழு வருடத்தை ஐந்து வருடம் என்று படித்த இடத்தில் இரண்டு புள்ளி. ஒரு வரியைத் தாண்டிக் குதித்த இடத்தில் இரண்டு. தூக்கத்தில் குளறிய இடத்தில் இரண்டு, இரண்டு, இரண்டு. ஒவ்வொரு இரண்டு புள்ளிக்கும் பிறகுதான் அந்தக் குரல் "தப்பு" என்றது. தட்டியது கட்டிலில் கிடந்தவள். அதற்கு வாய் கொடுத்தது நாற்காலியில் தூங்கியவள்.

இரண்டு வருடமாக ஒரே புத்தகத்தை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வாசித்திருக்கிறாள். கேட்டவளுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. வாசித்தவளுக்குத்தான் ஆகவில்லை.

கடைசி வரிக்கு வந்தாள். 'நான் போய்ச் சேர்ந்தால்' என்ற வரிக்கு முன்னால் தட்டல் இருக்கிறதா என்று பத்து முறை கேட்டாள். இல்லை. அங்கே மூச்சு மட்டும் இருந்தது, ஒன்றல்ல, இரண்டு பேருடைய மூச்சு. அந்த வரியை எது சொல்ல வைத்தது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பதிவை அழித்தாள்.

அரைமணியிடம் போய் நின்று, "சார், நான் இப்பவே வீட்டுக்குப் போகணும்" என்றாள். "அரை மணி நேரம் கழிச்சு..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்கம்மா" என்றார்.

வீட்டில் தெருமுனை வீட்டு அம்மாவை அனுப்பிவிட்டு, கட்டிலருகில் மண்டியிட்டாள். ஜன்னல் வெளிச்சம் துண்டின் மேல் விழுந்தது. மோதிரம் படும் இடத்தில் அந்தத் துண்டு நைந்து, நூல் நூலாகப் பிரிந்து, நடுவில் காசு அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. வாராவாரம் கட்டில் விரிப்பை மாற்றுகிறாள், அந்த ஓட்டை ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். கம்பி வெளியே வந்தது.

"அண்ணி" என்றாள். "விபத்து வழக்கு ஏடு, அஞ்சு வருஷம்."

டொக், டொக்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மெஷினின் உதடு தானாக அசைந்து "தப்பு" என்றது. கண் திறந்திருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, அவள் நினைக்கவே இல்லை, ஆனாலும் வாய் சொல்லிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏழு வருஷம்" என்றாள் விரல் இடுக்கு வழியாக.

டொக்.

"உங்களுக்கு எல்லாம் புரியுதா?"

டொக்.

"விழுந்த நாள்லேருந்தா?"

டொக்.

மூன்றாவது கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. அன்னிக்கு நான் சொன்னதும் கேட்டுச்சா? கேட்கத் தைரியம் வரவில்லை. நாத்தனாரின் கண்கள் முதல் தடவையாகக் கூரையிலிருந்து இறங்கி அவள் மேல் நின்றன. ஒருவேளை எப்போதும் இறங்கித்தான் இருந்தனவோ, இவள்தான் பார்க்கவில்லையோ. அன்று மெஷின் அழுதாள். அழுகையின் நடுவிலும் கம்பியைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள், அழுவதற்கும் இரண்டு தட்டு விழுமோ என்று.

அந்தக் கேள்வியை அடக்கிக்கொண்டு, கிடைத்த உதவியைப் பிடித்துக்கொண்டாள். பரீட்சை தலைக்கு மேல் நின்றது. தட்டச்சு செய்வதை அடியோடு விட்டாள். ஃபோனையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. ஒரு ஸ்பூன் வைப்பது, புத்தகத்தை மூடிக்கொண்டு ஒரு பதில் சொல்வது, தீர்ப்புக்குக் காத்திருப்பது. இரண்டு தட்டு விழுந்தால் யோசிக்க வேண்டும். யோசித்தே ஆக வேண்டும், இங்கே விரலுக்குத் தள்ளிவிட்டுத் தப்பிக்க முடியாது. சட்டைகளைப் புரட்டிய கண்டிப்பு கொஞ்சமும் குறையவில்லை. பாதி சரியான பதிலுக்கும் ரிஜெக்ட்தான். கணவன் வந்தபோது கதையைச் சொன்னாள். அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் யாருன்னு தெரியுதா?" என்று அழுதான். டொக் என்று ஒரே ஒரு தட்டு. அந்த மனிதன் அன்று வண்டி எடுக்கவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு இரண்டு தட்டுக்கும் மெஷினின் வாயிலிருந்து "தப்பு" வந்துகொண்டே இருந்தது, அந்தத் தோரணையில். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அடக்குவதை விட்டுவிட்டாள். ஒருத்திக்கு விரல் இருக்கிறது, ஒருத்திக்கு வாய் இருக்கிறது, எப்படியோ ஆகட்டும் என்று.

பரீட்சை நாளன்று அறுபது பேர் உட்கார்ந்த கூடத்தில் அவளுக்கு ஜன்னலோர மேஜை. ஆறாவது கேள்வி, நோயாளி மைனராக இருந்தால் ஏட்டை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும். எழுத ஆரம்பித்தாள். டொக், டொக். பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. எழுதியதைப் படித்தாள், தப்புதான். அடித்துவிட்டுத் திருத்தினாள். டொக். பதினோராவது கேள்வியிலும் அப்படியே. இத்தனை தூரத்துக்குக் கட்டில் எப்படி வரும்?

கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து குனிந்தார். "அம்மா, மேஜையைத் தட்டாதீங்க. மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு."

கீழே பார்த்தாள். அவளுடைய இடது கைதான். மேஜையின் ஓரத்தில், கட்டிலில் கிடக்கும் அந்தக் கையைப் போலவே நான்கு விரலும் மடங்கி, ஒரு விரல் மட்டும் நீண்டு கிடந்தது. கல்யாண மோதிரம் மரத்தில் பட்டிருந்தது. தன் கை என்று தோன்றவே இல்லை. மெதுவாக அதைத் தூக்கி மடியில் வைத்து, முந்தானையால் மூடினாள். அது அங்கேயும் தட்டிக்கொண்டிருந்தது, தொடையில், சத்தமில்லாமல். அதன் பேச்சைக் கேட்டே மிச்சப் பரீட்சையை எழுதி முடித்தாள்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. நோட்டீஸ் பலகையில் பக்கத்து சீட்டுக்காரிதான் முதலில் பார்த்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவளும் தேறியிருந்தாள். "கீழ போனாலும் உன் பக்கத்து சீட்டுதான்டி எனக்கு" என்றாள். அரைமணிகூட உடனே வந்து கைகொடுத்தார். மெஷின் சிரித்தாள், எல்லாருக்கும் டீ சொன்னாள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அடக்கி வைத்த அந்தக் கேள்விதான் நெஞ்சில் முட்டியது. இத்தனை நாள் பரீட்சை ஒரு சாக்காக இருந்தது. இனிமேல் அந்த ஒரு மணி நேரத்தில் படிக்கப் புத்தகம் இல்லை.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மடி காலியாக இருந்தது.

"பாஸ், அண்ணி."

டொக்.

முதல் ஸ்பூனை வைத்தாள். நாத்தனார் விழுங்கினாள். இரண்டாவது ஸ்பூன். மூன்றாவதைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டு, கை அந்தரத்தில் நின்றது.

"போன வருஷம் ரிசல்ட் வந்த அன்னிக்கு, நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். கேட்டுச்சா?"

டொக்.

தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"அது மனசாரச் சொன்னது இல்ல, அண்ணி. ஏதோ கோவத்துல வாய்ல வந்துடுச்சு."

நாத்தனாரின் கண்கள் அவள் முகத்திலேயே இருந்தன. விரல் கம்பியின் மேல் உயர்ந்தது. உயர்ந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

டொக், டொக்.

மெஷினின் உதடு தானாகப் பிரிந்தது. "தப்பு" என்றது அந்தக் குரல், அவள் வாயிலிருந்து, அவள் முகத்துக்கு நேராகவே. "மறுபடி சொல்லு."

ஸ்பூனிலிருந்து ஒரு சொட்டு போர்வையில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"மனசாரத்தான் சொன்னேன், அண்ணி" என்றாள்.

டொக்.

நாத்தனார் மூன்றாவது ஸ்பூனுக்கு வாயைத் திறந்தாள்.